ஈட்டும் வழியும் ஈயும் கையும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் புதிய வகுப்பறையின் சுவரிலோ குடிநீர்த் தொட்டியின் அருகிலோ சிறு பலகையொன்று பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இன்ன நிறுவனத்தார் தம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இதனை அமைத்துத் தந்தனர் என்று அப்பலகை அறிவிக்கும். நல்ல காரியந்தான். வகுப்பறை இல்லாத பிள்ளைகளுக்கு வகுப்பறை கிடைத்ததைக் குறை கூற எவருக்கும் மனம் வாராது. ஆயினும், ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்பது அந்தப் பலகையோடு நிறைவு பெற்றுவிடுகிறதா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

இது முதலாளிகள் எண்ணிப்பார்க்க வேண்டிய கேள்வி, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று பங்குக் குடும்பங்கள் ஒதுங்கிவிடலாகாது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று எம்.பி.ஏ. என்னும் வணிக மேலாண்மைக் கல்வி பயில்கின்றனர். பாட்டனார் பாடியிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ லேத் எந்திரத்தின் முன் நின்றவர். தந்தை ஷிப்டு மாறி மாறி உழைத்தவர். பிள்ளையோ, யாருக்கு வேலை, எவ்வளவு கூலி, எப்பொழுது பட்டுவாடா என்று முடிவு செய்யும் நாற்காலியில் நாளை அமரப்போகிறது. அந்த நாற்காலியில் அமர்வதற்குமுன் அப்பிள்ளைக்குப் பொறுப்பு என்பதைக் கல்லூரி எவ்வாறு கற்பிக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை இந்தியாவில் சட்டக் கடமையாக்கியது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அதன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி என்னும் இம்மூன்றில் ஏதேனும் ஓர் எல்லையை எட்டிய நிறுவனம், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 100க்கு 2 பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று அது விதித்தது. பசியைப் போக்குதல், கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் முதலிய பணிகளை அச்சட்டத்தின் 7ஆம் அட்டவணை பட்டியலிடுகிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதில் அடங்கும். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின், செலவிடாமல் விட்ட தொகையை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் இயலாது.

வணிகப் பள்ளிகளில் சமூகப் பொறுப்பு என்றதும் பெரும்பாலும் இப்பிரிவே பாடமாகிறது. குழுவை அமைப்பது எப்படி, திட்டத்தைத் தேர்வது எப்படி, அறிக்கை எழுதுவது எப்படி என மாணவர் கற்கின்றனர். இவை தெரிந்திருக்க வேண்டியவையே. ஆனால் இச்சட்டத்தில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. தன் ஊழியர்களின் நலனுக்கென்றே ஒரு நிறுவனம் செய்யும் செலவு இந்த 2 பங்குக் கணக்கில் சேராது. அது சரியான விதியே. தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமையைத் தருமக் கணக்கில் எழுதிக்கொள்ளலாகாது அன்றோ? ஆனால் அதன் விளைவு யாதெனில், 135ஆம் பிரிவை மட்டுமே சமூகப் பொறுப்பு எனப் படிக்கும் மாணவர், அப்பாடத்தில் தொழிலாளியை ஒருபோதும் சந்திப்பதில்லை. 2 பங்கை ஈவது எவ்வாறு என்று கற்கிறார். அந்த 100 பங்கையும் ஈட்டியது எவ்வாறு என்ற கேள்வி அவர் காதில் விழுவதே இல்லை.

மேலும், அம்பத்தூர் எஸ்டேட்டைப் போன்ற இடங்களில் உள்ள பட்டறைகளுள் மிகப் பல மேற்கூறிய எல்லைகளை எட்டாதவை. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் இடங்கள் அவை. சட்டம் கூறும் 2 பங்கு அவற்றுக்கு இல்லை. அப்படியானால் அவற்றுக்குச் சமூகப் பொறுப்பே இல்லை என்றா சொல்வது?

இந்தச் சிந்தனை பிறந்த விதம்

தொழில் நடத்துவோர்க்குச் சமூகப் பொறுப்பு உண்டு என்பதைக் கல்வித் துறையில் முறையாக ஆராய்ந்த முதல் நூல்களுள் ஒன்று, அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹோவர்டு போவன் 1953இல் வெளியிட்டது. அந்நாட்டுச் சபைகளின் கூட்டு மன்றம் பொருளாதார வாழ்வின் அறநெறி பற்றி எழுதுவித்த நூல்வரிசையில் அது ஒன்று. ஆக, இன்று வணிகப் பள்ளிகள் தம்முடையதாகக் கருதும் இப்பாடத்தின் தொட்டில் கிறிஸ்தவ மனச்சான்றின் அருகிலேயே ஆடியது எனலாம்.

அதற்கும் முன்னர், 1891 மே 15ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் ‘ரேரும் நொவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளியும் முதலாளியும் மனம் ஒப்பிச் செய்த உடன்படிக்கையாயினும், தொழிலாளி வாழப் போதாத கூலி நீதியான கூலி ஆகாது என்று அவர் கற்பித்தார். 2025 மே மாதம் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 14ஆம் லியோ அதே பெயரைத் தெரிந்துகொண்டதற்கு, இந்தச் சுற்றுமடலும் தொழிலாளர்க்கு இக்காலத்தில் எழுந்துள்ள புதிய கேள்விகளும் காரணம் என்று தாமே விளக்கினார்.

நம் ஆவடிக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. 1955 ஜனவரியில் இங்கு நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டில்தான் ‘சமதர்ம பாணிச் சமுதாயம்’ என்னும் தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டு மே முதல் நாள், திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை ஏற்படுத்தினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1965இல், தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புகள் பற்றிப் புதுதில்லியில் ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. செயப்பிரகாச நாராயணர் அதில் முன்னின்றார். செல்வர் தம் செல்வத்திற்குத் தருமகர்த்தாக்களே என்ற காந்தியடிகளின் எண்ணம் அதற்கு அடிப்படை. வாடிக்கையாளர், தொழிலாளர், பங்குதாரர், சமுதாயம் ஆகிய அனைவர்க்கும் நிறுவனம் கடமைப்பட்டது என்று அக்கருத்தரங்கு அறிவித்தது.

இவை வெறும் பேச்சாகவே நின்றுவிடவில்லை. அம்பத்தூரில் 1951 முதல் சைக்கிள் செய்யத் தொடங்கிய டி.ஐ. ஆலையை நடத்திய முருகப்பா குழுமத்தாரின் அறக்கட்டளை, 1966இல் அதே ஊரில் சர் இவான் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனையைத் தொடங்கியது. 2 பங்குச் சட்டம் வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர் நடந்தது இது. ஜாம்ஷெட்பூரின் டாடா இரும்பாலை 1912இலேயே எட்டு மணி நேர வேலையை ஏற்றுக்கொண்டது. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை அது காத்திருக்கவில்லை.

108 வண்டியும் பொய்க் கணக்கும்

ஈயும் கையை மட்டும் பார்த்து நிறுவனத்தை எடைபோடுவது எத்துணை ஆபத்தானது என்பதற்கு அண்டை மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றே போதும். இன்று நம் தெருவில் விபத்து நேர்ந்தால் 108 என்ற எண்ணைத்தானே அழைக்கிறோம்? அந்த அவசர ஊர்திச் சேவையை 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கியவர், சத்யம் கணினி நிறுவனத்தின் தலைவராயிருந்த இராமலிங்க ராஜு. 2008இல் அச்சேவை தமிழகத்திற்கும் வந்தது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் எண்ணற்றவை. அது மெய்யான நற்பணி.

அதே மனிதர் 2009 ஜனவரி 7ஆம் நாள் எழுதிய கடிதத்தில், தம் நிறுவனத்தின் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டவை என ஒப்புக்கொண்டார். இல்லாத பணம் ஆயிரக்கணக்கான கோடிகளாக ஏட்டில் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சிறந்த நிருவாகத்துக்கான விருது ஒன்றும் அந்நிறுவனத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. 2015 ஏப்ரலில் தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து 7 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டின்பேரில் அத்தண்டனை அடுத்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது.

இராமலிங்க ராஜு அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவர். அந்நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் புகழ்பெற்ற வணிகப் பள்ளிகளைச் சேர்ந்த பெருமக்கள் வீற்றிருந்தனர். அவர்களுக்கு இது தெரியாது என்று அக்கடிதமே கூறியது. அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. படிப்பும் பட்டமும் கொடையும் விருதும் ஓரிடத்தில் கூடியிருந்தும், கணக்கேட்டில் உண்மை இல்லாதபோது ஆயிரக்கணக்கான ஊழியர் குடும்பங்கள் ஒரே நாளில் கலங்கி நின்றன என்பதையே நாம் எண்ண வேண்டும். ஊர்தி விடுவது ஈகை. உள்ளதை உள்ளபடி எழுதுவது நீதி. முன்னது எவ்வளவு பெரியதாயினும் பின்னதற்கு ஈடாகாது.

பள்ளிகள் செய்திருப்பவை

சேசு சபையினர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1949இல் குவின் என்ரைட் அடிகளார் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய நிறுவனத்திற்கு ‘சேவியர் தொழிலாளர் உறவு நிறுவனம்’ என்றே பெயரிடப்பட்டது. மேலாளர்களை மட்டுமன்றித் தொழிற்சங்கத்தாரையும் பயிற்றுவிப்பது அதன் தொடக்க கால நோக்கங்களுள் ஒன்று. மேசையின் இரு புறத்தாரும் ஒரே கூரையின்கீழ் கற்க வேண்டும் என்பது எத்துணை ஆழ்ந்த எண்ணம்! 1991இல் வணிக அறநெறிக்கென ஜே.ஆர்.டி. டாடா பெயரால் அங்கு ஓர் அமைப்பும் நிறுவப்பட்டது. நம் சென்னையில், நுங்கம்பாக்கம் லயோலா வளாகத்தில், 1979இல் அதே சபையார் லயோலா வணிக நிருவாக நிறுவனத்தைத் தொடங்கினர். நம் புறநகர்க் கல்லூரிகள் பல இணைந்துள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. பாடத்திட்டத்திலும் வணிக அறமும் சமூகப் பொறுப்பும் ஒரு பாடமாக இடம்பெற்றதுண்டு.

உலக அளவிலும் முயற்சிகள் உண்டு. 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவில், பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான நெறிகள் வகுக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப்பின், 2009இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பட்டம் பெற்ற மாணவர் பலர், மருத்துவர் உறுதிமொழி எடுப்பதுபோல் தாமும் நேர்மை உறுதிமொழி ஒன்றை எடுத்துக்கொண்டனர்.

ஆனால் பாடம் இருப்பதனால் மட்டும் பண்பு வந்துவிடுவதில்லை. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 32 கல்வி நிலையங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பட்டமேற்படிப்பு மாணவரிடையே நடத்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளியாயிற்று. முந்திய ஆண்டில் தேர்விலோ எழுத்துப் பணியிலோ ஒருமுறையேனும் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டோர் வணிகவியல் மாணவருள் 100க்கு 56 பேர். பிற துறை மாணவருள் 47 பேர். இரண்டும் வருந்தத்தக்க எண்களே. எனினும் நாளை பிறர் பணத்தைக் கையாளப்போகிறவர் பக்கம் எண் கூடியிருப்பது நம்மை உறுத்த வேண்டும்.

“இலாபம் ஈட்டுவது ஒன்றே நிறுவனத்தின் பொறுப்பு, பங்குதாரரின் பணத்தைத் தருமம் செய்ய மேலாளருக்கு என்ன உரிமை?” என்று சிலர் வினவுவர். பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இது. இதில் ஓர் உண்மை இல்லாமலில்லை. பிறர் பணத்தில் புகழ் தேடுவது எளிது. திருச்சபையும் இலாபத்தைப் பாவம் எனக் கற்பிக்கவில்லை. திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் 1991இல் எழுதிய சுற்றுமடலில், தொழில் நன்கு நடப்பதற்கு இலாபம் ஓர் அறிகுறி என ஏற்றுக்கொண்டார். ஆனால் கணக்கு ஒழுங்காயிருந்தும் அங்கு உழைக்கும் மனிதர் இழிவுறுத்தப்படலாம் என்று உடனே எச்சரித்தார். ஒரு நிறுவனம் மனிதர்கள் சேர்ந்த சமூகம் என்பதே அவரது போதனை. 2012இல் நீதி, அமைதிக்கான திருப்பீட அவை தொழில் தலைவர்களுக்கென வெளியிட்ட சிந்தனைத் தொகுப்பும் இதே வழியில் செல்கிறது: செய்யும் பொருள் நல்லதா, செய்விக்கும் வேலை நல்லதா, சேரும் செல்வம் நீதியாகப் பகிரப்படுகிறதா என்று மூன்றையும் கேட்கச் சொல்கிறது.

அம்பத்தூரிலேயே உள்ள பாடம்

இம்மூன்று கேள்விகளையும் கற்பிக்கத் தொலைதூரத்து எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டியதில்லை.

பெரிய ஆலை ஒன்றுக்குச் சிறு பட்டறைக்காரர் உதிரிபாகம் செய்து தருகிறார். பொருள் சென்றுவிட்டது, பணம் வரவில்லை. ஏற்றுக்கொண்ட பொருளுக்கு அதிகம் போனால் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம். ஆனால் முறையிட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காதே என்ற அச்சத்தால் பட்டறைக்காரர் வாய் திறப்பதில்லை. மூன்று மாதம், நான்கு மாதம் எனப் பணம் இழுபடுகிறது. பட்டறைக்காரர் வட்டிக்கு வாங்குகிறார். அதுவும் கிடைக்காதபோது சனிக்கிழமைக் கூலி தள்ளிப்போகிறது. கூலி தள்ளிப்போன வீட்டில் பிள்ளையின் கல்விக் கட்டணம் தள்ளிப்போகிறது. பெரிய ஆலையில் இதைச் செய்தவர் கொடியவர் அல்லர். பணத்தைச் சற்றுத் தாமதித்துக் கொடுத்தால் நிறுவனத்திற்கு நன்மை என்று வகுப்பில் கற்ற இளம் மேலாளர்தாம். அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஓர் எண். அதன் மறுகோடியில் இருந்த அடுப்பு தெரியவில்லை. அதே ஆலை அவ்வாண்டில் ஒரு பள்ளிக்கு வகுப்பறையும் கட்டித் தந்திருக்கக்கூடும். இது ஒரு குறிப்பிட்ட ஆலையின் கதையன்று. தொழில் நகரங்கள் எல்லாவற்றிலும் நடப்பது.

மற்றொன்று நம் ஏரிகள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று போராடினர். ஏரியைத் தூர்வாருவது சமூகப் பொறுப்பு நிதியில் செய்யத்தக்க பணியே. ஆனால் ஒரு பக்கம் தூர்வாரி, மறுபக்கம் கழிவை விட்டால் அது என்ன பொறுப்பு? தன் கழிவைத் தன் மதிலுக்குள் சுத்திகரிப்பது முதற்கடமை. அதற்கு ஆகும் செலவு தருமம் அன்று. தொழில் நடத்தும் செலவு. எந்தச் சிறு பட்டறைக்கும் இது பொருந்தும். 2 பங்கு எல்லையை எட்டாதவர்க்கும் நேரத்தில் கூலி, பாதுகாப்பான எந்திரம், தூய கழிவுநீர், நேரான கணக்கு ஆகிய நான்கும் உண்டு.

சக்கேயு செய்த இரு காரியங்கள்

லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சக்கேயுவை நம் பிள்ளைகள் மரமேறிய மனிதராகவே அறிவர். அவர் வரிவசூல் செய்தவர், செல்வர். ஆண்டவர் தம் இல்லத்தில் நுழைந்தபோது அவர் இரண்டு காரியங்களை அறிவித்தார். உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகக் கூறினார். எவரிடமாவது அநியாயமாகப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினார். முன்னது ஈகை, பின்னது ஈடு. பாதியைக் கொடுத்துவிட்டோமே, பறித்ததைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. ஒன்றை மற்றொன்றின் கணக்கில் வரவு வைக்கவுமில்லை. அன்று அந்த வீட்டிற்கு மீட்பு வந்தது.

பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசே வழி வந்த கட்டளை. பிடித்துவைத்த கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பரின் திருமுகம் எச்சரிக்கிறது. நம் வள்ளுவரும் ‘பொருள் செயல்வகை’ அதிகாரத்தில், திறமறிந்து, தீமை கலவாமல் வந்த செல்வமே அறத்தையும் இன்பத்தையும் தரும் என்றார். ஈகைக்கு அவர் தனி அதிகாரம் வகுத்ததும், ஈட்டும் முறையை இங்கு வற்புறுத்தியதும் எண்ணிப் பார்க்கத்தக்கன.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

பிள்ளையை எம்.பி.ஏ. வகுப்பில் சேர்க்கும்போது கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று கேட்கிறோம். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் கேட்போம்: மாணவர் ஒரு தொழிற்கூடத்தில் தொழிலாளரோடு சில வாரங்களாவது இருந்து கற்க வழி உண்டா? இந்தக் கேள்வியைப் பெற்றோர் பலர் கேட்கத் தொடங்கினால் கல்லூரிகள் செவிசாய்க்கும். அம்பத்தூர் எஸ்டேட்டின் நிழலிலேயே இயங்கும் கல்லூரிகளுக்கு இது அரிய செயலும் அன்று. கத்தோலிக்கக் கல்லூரிகள் இதில் முந்திக்கொள்ளக் கடமைப்பட்டவை.

அடுத்தது வீட்டில் நடக்க வேண்டியது. எந்திரத்தின் முன் முப்பது ஆண்டுகள் நின்ற தந்தையர் பலர், தாம் பட்டதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. நம் கஷ்டம் நம்மோடு போகட்டும் என்று எண்ணுகின்றனர். அது அன்பினால் வரும் மௌனம். ஆயினும் கூலி தள்ளிப்போன வாரத்தில் அம்மா எப்படிச் சமாளித்தார், விரல் இழந்த நண்பருக்கு என்ன நேர்ந்தது, தொழிலாளியின் பெயரைச் சொல்லி அழைத்த மேலாளரை ஆலை முழுவதும் ஏன் மதித்தது என்பவற்றைப் பிள்ளைக்கு எந்தப் பாடநூலும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் தந்தையே. சொல்ல வேண்டியவர் தாயே.

பங்குகளும் ஒன்று செய்யலாம். மே முதல் நாளன்று தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளைத் திருப்பலியோடு கொண்டாடுகிறோம். அன்று மாலை, பங்கின் தொழிலாளரையும் பட்டறை நடத்துவோரையும் மேலாண்மை பயிலும் இளைஞரையும் ஒரே இடத்தில் அமரச் செய்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும்படி ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். என்ரைட் அடிகளார் ஜாம்ஷெட்பூரில் எண்ணியதை நம் பங்கு மண்டபத்தில் சிறு அளவில் செய்து பார்ப்பதாகும் அது.

நாளை நம் பிள்ளை ஒரு காசோலையில் கையொப்பமிடும். அது பள்ளிக்கு நன்கொடையாக இருந்தால் மகிழ்வோம். சிறு பட்டறைக்குச் சேர வேண்டிய பணத்திற்கான காசோலையாக, அதுவும் உரிய நாளில் கையொப்பமிட்டதாக இருந்தால், அந்தப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தந்தை சனிக்கிழமை மாலை கூலியோடு வீடு திரும்புவார். அதற்குப் பலகை எதுவும் பதிக்கப்படாது. ஆனால் திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களுக்கு மாலையிலேயே கூலி கொடுக்கச் சொன்ன தலைவர் அதனை அறிவார்.